பாகான் ஆஜாம் கரையில் ஓடி வந்தவர்களுக்கு

வணக்கம். என் தங்கை மகன் இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை தானாகவே போய் வருகிறான். பெரிய பட்டத்தைப் பிடித்துப் பறக்க ஆசைப்பட்டு, சூறைக்காற்றில் தூக்கப்பட்டு விழுந்து அடிபட்டவன்தான் அவன். முதலில் இந்தச் செய்தி உங்களுக்கு வந்து சேரட்டும். அன்று காலை உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "பேரெல்லாம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் செய்த காரியத்தைச் சொல்லித்தான் நன்றி சொல்கிறேன். அவரவருக்குப் புரியும்.

படகை ஏற்கெனவே கரையேற்றி வைத்திருந்த மீனவர், நாங்கள் பாக்சிக் (மலாயில் பெரியவர், மாமா) என்று கூப்பிடுகிறவர், அவருக்குத்தான் முதல் வணக்கம். மேற்கே கருத்து வருவதைப் பார்த்துப் பையன்களிடம் பட்டத்தை இறக்கச் சொன்னாராம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையிலும் காலையிலும் வரும் அந்தச் சூறைக்கு வானிலைக்காரர்கள் சுமத்ராஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழைக்கு முன்னால் காற்று வந்துவிடும். அன்றும் அப்படித்தான். இவன் தரையை விட்டுத் தூக்கப்பட்டான், கொஞ்ச தூரம் கொண்டுபோகப்பட்டான், விழுந்தான்.

விழுந்ததோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பட்டம் மறுபடி காற்றைப் பிடித்து, நினைவு தப்பிக் கிடந்தவனைக் கல் அணைப் பக்கம் இழுக்க ஆரம்பித்திருக்கிறது. நண்பன் ஒருவன் கயிற்றைக் கையால் பிடித்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். பாக்சிக் கயிற்றுப் பக்கமே போகவில்லை. நேரே ஓடித் துணியின் மேல் விழுந்து, ஓரத்தைச் சுருட்டி, ஈர மணலை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார். அந்த வயதில் அந்த ஓட்டம்! பாக்சிக், உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

காலை நடைக்கு வந்திருந்த தாதி அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று என் தங்கை இன்னும் யோசிக்கிறாள். பையன்கள் பதற்றத்தில் இவனைத் தூக்கி ஹைலக்ஸ் வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தார்கள். "தொடாதீங்க, முதுகெலும்பு போயிருக்கலாம்" என்று அதட்டித் தடுத்தவர் நீங்கள். அவசர எண் 999க்கு அடிக்கச் சொல்லிவிட்டு, மழையில் மண்டியிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையை அசையாமல் பிடித்திருந்தீர்கள். மேலே குடை பிடித்த சீன அங்கிளுக்கும் நன்றி.

மருத்துவமனையில் முதலில் தெரிந்தது குதிகால் எலும்பு முறிவு. அதைப் பார்த்த இளம் டாக்டர் உடனே இடுப்புப் பக்க முதுகெலும்பையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். உயரத்திலிருந்து காலூன்றி விழுந்தவனின் குதிகால் உடைந்தால் அந்த அதிர்ச்சி முதுகுக்கும் ஏறியிருக்கக்கூடுமாம். ஏறித்தான் இருந்தது. ஆனால் நரம்பு தப்பியது. அந்தக் கரையில் யாரும் அவனை மடக்கித் தூக்காததும் ஒரு காரணம் என்று அவரே சொன்னார்.

இனி, நான் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்த ஒருவர். கைட்சர்ஃபிங், அதாவது பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு, சொல்லிக்கொடுப்பவர். விஷயம் கேள்விப்பட்டு, எங்களை முன்பின் தெரியாதவர், வார்டுக்கே வந்தார். நான் துறைமுகத்தில் ரிக்கராக, பாரத்தைக் கட்டித் தூக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பாரம், ஸ்லிங், ஷேக்கிள் என்று பேசினால் எனக்கு விளங்கும். அவரும் அப்படியே பேசினார்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆறு சதுர மீட்டர் பட்டம் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் சும்மா நிற்கும்போது பத்துப் பன்னிரண்டு கிலோதான் இழுக்கும். காற்று 40 ஆனால் நாற்பத்தைந்து கிலோ. அதே பட்டத்தை இடமும் வலமும் வேகமாக வீசினால் அது தன் வேகத்தையும் காற்றோடு சேர்த்துக்கொண்டு இன்னும் பல மடங்கு இழுக்கும். எங்கள் தொழிலில் சரக்குக்கே கம்பிக்கயிறு தூக்கும் பாரத்தைப் போல ஐந்து மடங்கு தாங்க வேண்டும், ஆளைத் தூக்குவதென்றால் பத்து மடங்கு. இவன் வாங்கிய செகண்ட்ஹேண்ட் பட்டத்தின் கயிற்றில் முடிச்சு மேல் முடிச்சு. அது டைனீமா என்ற செயற்கை நூல். எஃகைப் போலத் தாங்கும், ஆனால் சுமார் 150 டிகிரி சூட்டில் உருகிவிடும். ஒன்றோடொன்று உரசினாலே போதும்.

ஆனால் கயிறு அறுபடவில்லை. அறுந்திருந்தால் எனக்கு அது புரிந்திருக்கும். பிறகு ஏன் விழுந்தான் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இன்னும் மண்டைக்குள் சுற்றுகிறது. பட்டம் மேலே நிற்பது கீழே ஒருவன் பிடித்து நிற்பதால்தான். கால் தரையை விட்டதும் அவனும் காற்றோடு போகத் தொடங்குகிறான். காற்றோடு போகிறவனின் பட்டத்தில் மோதக் காற்று ஏது? இழுவை குறைகிறது, கயிறு தளர்கிறது, தூக்கிய பட்டமே ஆளைக் கீழே போட்டுவிடுகிறது. ஐந்து மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர்.

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் பாராசூட்டில் போவதைப் பார்த்துத்தான் இவனுக்கு ஆசை வந்தது. அங்கே படகு விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது, அதுதான் பிடிமானம். பாராகிளைடர் வேறு சாதி. ஆளின் எடையாலேயே முன்னோக்கிச் சறுக்கிப் பறக்கும்படி செய்தது. பட்டத்துக்கு அந்த வித்தை தெரியாது. கைட்சர்ஃபர்கள் எகிறிக் குதிக்கிறார்களே என்றால், அவர்கள் தண்ணீர் மேல் குதிக்கிறார்கள், ஒரே இழுப்பில் பட்டத்தை விடுவிக்கும் கொக்கி வைத்திருக்கிறார்கள், இறங்கும்போது பட்டத்தை எங்கே கொண்டுவர வேண்டும் என்று பழகியிருக்கிறார்கள். அவர்களிலும் அடிபட்டவர்கள் உண்டு என்று அவர் மறைக்காமல் சொன்னார்.

படுக்கையில் கிடந்தபடியே என் மருமகப் பிள்ளை வாதாடினான்: "அந்தக் காலத்திலேயே பட்டம் மனுசனைத் தூக்கியிருக்கு மாமா." உண்மைதான். 1894 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில் லாரன்ஸ் ஹார்கிரேவ் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்து ஐந்து மீட்டர் போல மேலே போனார். ஆனால் கயிற்றின் மறுமுனை தரையில் கட்டியிருந்தது. பிறகு பிரிட்டிஷ் இராணுவத்துக்கு ஆள்தூக்கும் பட்டம் செய்த சாமுவேல் கோடியும் வின்ச்சிலிருந்து (தரையில் நிற்கும் கயிறு சுற்றும் இயந்திரம்) போகும் கேபிளில்தான் ஆளை ஏற்றினார். "உன் வின்ச் எங்கேடா?" என்று கேட்டேன். சிரித்தான். சிரித்தால் முதுகு வலிக்கும் என்று அப்போது மறந்துவிட்டான் போல.

அதற்காகத் தரையிலோ மரத்திலோ கட்டிக்கொண்டு ஏறலாம் என்று எந்தப் பையனும் கிளம்பிவிட வேண்டாம். கட்டிய பட்டம் காற்றோடு விலக முடியாது, சூறை வந்தால் அதன் முழு வேகத்தையும் ஆளே வாங்குவான்.

திருஷ்டி, சனி என்று சொன்ன சொந்தங்களின் அன்புக்கும் நன்றி. கணக்குத்தான் உதைத்தது என்பது என் அபிப்பிராயம். பையன் பறக்க ஆசைப்பட்டதை நான் திட்ட மாட்டேன். படித்துப் பழகிப் பாராகிளைடரில் போகட்டும், அவன் அம்மா சம்மதித்தால்.

சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்த முதலாளி, நடக்கப் பழக்கும் பிசியோ தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குச் சோறு அனுப்பிய கோயில் அன்பர்கள், பக்கத்து வீட்டு மலாய் அம்மா மக்சிக்கின் கஞ்சி, எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

பட்டத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விற்பதற்கில்லை, கயிற்றை வெட்டிப் போட்டாயிற்று. ஒரு நீலக் குடை, ஒரு துண்டு, ஒற்றைச் செருப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கின்றன. உடையவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக வாருங்கள், தங்கை மீன் குழம்பு வைப்பாள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
பையனின் தாய்மாமன்,
பட்டர்வொர்த்