பனாவே வயல்களின் வயதைக் குறைத்துச் சொல்லுங்கள்

பிலிப்பைன்ஸ், இஃபுகாவோ மாகாணம், பனாவே நகராட்சி மன்றத்தாருக்கும் ஊர் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். உங்கள் படிக்கட்டு வயல்களுக்கு 2000 வயது என்று பயணிகளிடம் சொல்வதை இனி விட்டுவிடலாம். 1900களின் தொடக்கத்தில் அந்த மலையில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர் ஓட்லி பேயர் போன்றவர்கள் போட்ட கணக்கு அது. இவ்வளவு சுவரையும் கையால் எழுப்ப எத்தனை காலம் பிடிக்கும் என்ற மதிப்பீடுதான். தோண்டியெடுத்த சான்று அதன் பின்னால் இல்லை.

தோண்டியவர்கள் வேறு சொல்கிறார்கள். உங்கள் போகோஸ் வயல்களில் கிடைத்த கரியைக் கார்பன் முறையில் கணித்த தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோ, அவை 1500களின் பிற்பகுதிக்குப் பின் எழுந்தவை என்று 2009இல் எழுதினார். இஃபுகாவோவின் பழைய கியாங்கன் குடியிருப்பிலும் முதலில் பயிரிட்டது சேம்புதான். நீர்நெல் 1600களின் நடுவில்தான் தலைகாட்டுகிறது. இதை மறுக்கிற ஆய்வாளர்களும் உண்டு. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வயது குறைந்தால் பெருமை போய்விடாது. மாகாட் பள்ளத்தாக்கு வழியே ஸ்பானியர் நெருங்கிய காலத்தில் அடிபணிய மறுத்து மேலே ஏறியவர்கள், சில தலைமுறைக்குள் மலைச்சரிவை வயலாக்கினார்கள் என்றால் 2000 ஆண்டுக் கதையைவிட இதுவே பெரிது.

இன்னொன்று. 1995இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியவை பாடாட், பங்காஆன், மயோயாவ், ஹுங்துவான், நகாகாடான் ஆகிய ஐந்து தொகுதிகள். முதல் இரண்டும் உங்கள் எல்லைக்குள் இருப்பவை. காட்சிமேடையில் நின்று எல்லாரும் படமெடுக்கும் வயல்கள் அதில் இல்லை. பயணிகள் இதைத் தெரியாமலேயே திரும்பிப் போகிறார்கள்.

சுவர் ஏன் சரிகிறது என்பதையும் காட்டிச் சொல்லுங்கள். வயலில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். பிள்ளைகள் வேலைக்கு ஊரைவிட்டுப் போய், வயல் கரம்பாகக் காய்ந்தால் மண் வெடிக்கும். பெரிய மண்புழுக்கள் வளை தோண்டும். அடுத்த புயல்மழை அந்த வளை வழியே இறங்கி, உள்மண்ணை ஊறவைத்து, கல்கட்டை வெளியே தள்ளும். ஒரு படி விழுந்தால் கீழ்ப்படிக்குப் போகும் தண்ணீரும் அறுந்துவிடும். உச்சியில் குடும்பங்கள் காத்துவரும் முயோங் காட்டை வெட்டினாலோ ஊற்றே வற்றும். 2001 முதல் 2012 வரை அந்த ஐந்து தொகுதிகளும் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் கிடந்தது சும்மா இல்லை.

உங்கள் பாரம்பரிய நெல்லான டினாவோன் ஆண்டுக்கு ஒரே போகம். அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடைப்பட்ட மாதங்கள் சுவர் கட்டத் தோதானவை. பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை அந்த மாதங்களின் கூலிக்கென்றே தனியாக ஒதுக்கி, எந்தச் சுவருக்கு எவ்வளவு போனது என்று காட்சிமேடையிலேயே எழுதி வையுங்கள்.