கரையில் நின்று பார்த்தது

மதுராந்தகம்,
பிப்ரவரி 8

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. பேரனை வேடந்தாங்கலுக்கு அழைத்துவரப் போவதாகச் சொல்லி, ஆள் அருகில் போனாலும் பறக்காத பறவை நமக்குப் பழகிவிட்டது என்றுதானே பொருள் என்று கேட்டிருந்தாய். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

சென்ற ஞாயிறு நண்பகலில் ஏரிக்கரையில் நல்ல கூட்டம். பறக்கும் படம் வேண்டுமென்று ஒருவர் ஓங்கிக் கைதட்டியதும், கரையை ஒட்டிய நீர்க்கடம்பு மரத்திலிருந்து மஞ்சள் மூக்கு நாரைகள் எழும்பின. வெயில் ஏறும்போது சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருபவை அவை. தாய் போன கூட்டில் மூன்று குஞ்சுகள் அலகைப் பிளந்து இளைத்துக்கொண்டிருக்க, மேல் கிளையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அடுத்த கூட்டு நாரை மட்டும் பறக்கவில்லை. ஆனால் அது கழுத்தை நிமிர்த்தி எங்களையே பார்த்தபடி நின்றதே தவிர, காலடியில் கத்திய குஞ்சுகளின் பக்கம் நெடுநேரம் குனியவே இல்லை.

சிலி நாட்டில் ஹம்போல்ட் பெங்குவின்களின் கூட்டில் கருவி பொருத்திய போலி முட்டையை வைத்து, அடைகாக்கும் பறவையின் இதயத்துடிப்பை அளந்திருக்கிறார்கள். 150 மீட்டர் தொலைவில் ஓர் ஆள் கடந்து சென்றாலே துடிப்பு ஏறியது. ஆள் அருகில் வந்துபோன பிறகு அது பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரம்கூட ஆனது. இத்தனைக்கும் அந்தப் பறவை கூட்டை விட்டு நகரவில்லை! முட்டையை விட்டுப் போக முடியாததால் இருப்பதை நாம் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று அறிந்த வேடந்தாங்கல் ஊரார், பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள்மேல் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றவர்கள். துப்பாக்கியைத் தடுக்க ஆணை போதுமானதாக இருந்தது. கைதட்டலுக்கு யாரிடம் போய் முறையிடுவது?

வராதே என்று சொல்லவில்லை. வார நாளில், வெயில் தாழ்ந்தபின் போகலாம். பேரனை ஒரே இடத்தில் உட்கார வைத்து, ஒரு கூட்டை மட்டும் பார்க்கச் சொல்வோம். உன் பழைய தொலைநோக்கியை மறக்காமல் எடுத்து வா. என்னுடையதில் வலப்பக்கம் பூஞ்சை படர்ந்துவிட்டது.

அன்புடன்,
சுந்தரம்