மின்னூலாகவும் விற்கலாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

கேரள-தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் பம்புசெட் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஹங்கேரி எழுத்தாளர் லாஸ்லோ கிராஸ்னஹோர்காய்க்கு 2025இல் நோபல் பரிசு அறிவித்த பிறகு, அவரை ஆங்கிலத்தில் கைப்பேசியிலேயே படித்துவருகிறேன். அவர் பிறந்த ஜூலா, ருமேனிய எல்லையை ஒட்டிய ஊர். எங்களைப் போல எல்லைக்காரர்! முற்றுப்புள்ளி கண்ணில் படாமல் பக்கம் பக்கமாக ஓடும் வாக்கியங்கள். நடுவே மோட்டார் காயில் எரிந்துவிட்டதென்று யாராவது போன் செய்தால் போச்சு, விட்ட இடத்தைத் தேட வேண்டும். கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கினால் வாக்கியம் இன்னும் பல திரைகளுக்கு நீள்கிறது. ஆனாலும் விட மனமில்லை.

இங்குள்ள நூலகத்தில் மலையாள மொழிபெயர்ப்புகள் அலமாரி நிறைய. தமிழுக்கு ஒரு தட்டுதான், அதிலும் பாதி பைண்டு செய்த பழைய தொடர்கதைகள். வாட்ஸ்அப்பில் மட்டும் திருட்டு பி.டி.எஃப். தாராளமாக வருகிறது, கோணல் மாணலான பக்கங்கள், மொழிபெயர்ப்பாளர் பெயர் உள்ள பக்கமே இருக்காது. உழைத்தவருக்கு ஒரு பைசா போகாது.

ஐரோப்பிய நாவல்கள் தமிழில் அச்சாகும் அன்றே மின்னூலாகவும் விற்றால் விலை கொடுத்து வாங்குவோம். தங்கள் நூல் அறிமுகப் பக்கத்திலும் மின்னூல் உண்டா, மூலமொழியிலிருந்து வந்ததா ஆங்கிலம் வழியா என்று ஒரு வரி போட்டால் புண்ணியமாகப் போகும்.

வாசகர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்