ஜூலையா, செப்டெம்பரா

பொத்துவில்,
திங்கட்கிழமை இரவு

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளைக்குக் குனிந்து வேலை செய்ய விடாதே. சொன்னாலும் கேட்க மாட்டா, அது எனக்கும் தெரியும். நாங்கள் சுகம். பின்வளவில் கட்டிய இரண்டு அறைகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் எழும்பினால் முற்றம் முழுக்க ஈரத்துணியும் சேர்ஃப் போர்ட்டும்தான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மருமகனுக்கு யூனிவர்சிட்டி லீவு ஜூலையிலும் வருகிறது, செப்டெம்பர் கடைசியிலும் வருகிறது, அலைச்சறுக்க எப்போது அனுப்பினால் அலை நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தாய். அவன் போனில் அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, “அறுகம்பேயில் ஒரு மீற்றர்தான் காட்டுகிறது, இதற்கா இவ்வளவு தூரம் போக வேண்டும்” என்று முகம் சுளித்ததாகவும் எழுதியிருந்தாய். உங்கள் மேற்கு அவுஸ்திரேலியாவில், மார்கரெட் ரிவரில் பழகியவனுக்கு அது சின்ன எண்தான். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து எங்கள் கடலை எடை போட வேண்டாம் என்று சொல். அதற்குப் பக்கத்திலேயே விநாடியில் இன்னொரு எண் இருக்கும். ஒரு முகடு வந்து அடுத்த முகடு வரும்வரை போகிற நேரம் அது. என் வீட்டில் தங்குகிற நல்ல சேர்ஃபர்மார் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எட்டு விநாடி அலைக்கும் 16 விநாடி அலைக்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஆழ்கடலில் எட்டு விநாடி அலையின் நீளம் சுமார் 100 மீற்றர். 16 விநாடி அலைக்கோ 400 மீற்றர். தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் எந்த அலைக்கும் கடலடி தட்டுப்படத் தொடங்கும். ஆகவே சின்னது 50 மீற்றர் ஆழத்துக்கு வந்த பிறகுதான் திரும்ப யோசிக்கும், பெரியது 200 மீற்றரிலேயே வேகம் குறைந்து வளையத் தொடங்கிவிடும். இங்கே எல்லோரும் சறுக்குகிற முக்கிய இடமான மெயின் பொயின்ட் எப்படிக் கிடக்கிறது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அலை தெற்கிலிருந்து வருகிறது, குடாவோ கிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வருகிற அலைதான் முருகைக்கல்லில் ஏறி வலப்பக்கமாக உடைந்துகொண்டே போகும். வளையத் தெரியாத குட்டை அலை வெளியே நேராகப் போய்விடும். போன் காட்டுகிற ஒரு மீற்றருக்குப் பக்கத்தில் 15, 16 என்று இருந்தால் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், அது ஆளை விட உயரமாக நிமிரலாம். ஒன்றரை மீற்றர் போட்டு எட்டு விநாடி என்றால் தூங்கலாம். இன்னொன்று, போனில் வருகிற உயரம் எல்லா அலைகளிலும் பெரிதான மூன்றிலொரு பங்கின் சராசரி. நடுநடுவே அதைப்போல ஒன்றரை மடங்கும், எப்போதாவது இரண்டு மடங்கும் வரும்.

இந்த நீள அலைகள் எங்கே பிறக்கின்றன என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன், ஏனென்றால் இதில் உனக்கும் பங்கு இருக்கிறது. எங்களுக்கு நேர் தெற்கே அந்தார்ட்டிக்கா வரைக்கும் நிலம் இல்லை. நடுவே 50 பாகை தெற்கில், கெர்குலன் தீவுப் பக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தாழமுக்கங்கள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. காற்று கிழக்கு நோக்கி அடிப்பதால் பலத்தில் பெரும்பங்கு உங்கள் கரைக்குத்தான் போகும். எங்களுக்கு வருவது பக்கவாட்டில் கழன்ற பங்கு. 16 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு சுமார் 45 கிலோமீற்றர் போகும். அங்கிருந்து இங்கே ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். கணக்குப் போட்டால் ஆறு நாள். உங்களுக்கு மூன்று, நாலு நாளில் வந்துவிடும். அதனால்தான் உங்கள் பக்கம் காற்றும் மழையுமாக நாலு மீற்றரில் குமுறுகிற அதே கடல் எங்களிடம் ஒரு மீற்றரில், வரிவரியாக, ஒழுங்காக வந்து சேர்கிறது. இவ்வளவு தூரம் வந்தும் அலை சாகாமல் இருப்பது எனக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது. வால்டர் மங்க் என்கிற அமெரிக்கக் கடலியலாளர் 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை அளவீட்டு நிலையங்கள் வைத்துத் தென்கடல் அலைகளைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார். புயலை விட்டு விலகிய பிறகு அவை பெரிதாகப் பலம் இழக்கவில்லை என்று கண்டார். அதற்கு முன்னர் கலிபோர்னியாக் கரையில் அளந்தபோது நம் இந்து சமுத்திரத்தில் பிறந்த அலைகளே அங்கு வந்து சேர்ந்திருந்தனவாம்.

இப்போது இந்த வாரக் கணக்கு. சனிக்கிழமை கெர்குலனுக்குக் கீழே ஒரு நல்ல தாழமுக்கம் போயிருக்கிறது. நாளைக்கு அதன் அலை உங்கள் கரைக்கு வந்து சேரும், மருமகனிடம் கேட்டுப் பார். நீளமான அலைதான் வேகமாக ஓடும், அதனால் எங்களுக்கு வியாழன் இரவு 18 விநாடியில் சின்னதாகத் தலைகாட்டும். அந்த நேரத்தில் கடலைப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். கால் மணி நேரம் சும்மா கிடக்கும், திடீரென்று நாலைந்து வரும், திரும்பவும் சும்மா கிடக்கும். வெள்ளி பின்னேரத்திலிருந்து சனி முழுக்க 15, 16 விநாடியில் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிறில் இறங்கும். இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன், தபாலில் போட்டால் அலை முந்திவிடும். சரியாக வந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அலை வந்தால் மட்டும் போதுமா? காற்று கெடுத்துவிடும். கச்சானைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலைநாட்டுக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்து, சூடாகி, எங்கள் பக்கம் இறங்குகிற காற்று. சின்ன வயதில் கண்ணில் மண் விழுந்தது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். சேர்ஃபருக்கு அது பெரிய நன்மை. தரையிலிருந்து கடலுக்கு அடித்து அலையின் முகத்தைத் துடைத்து வைத்துவிடும். பிரச்சினை வெயில் ஏறிய பிறகு. தரை சூடாகி, பத்து, பதினொரு மணிக்குக் கடற்காற்று எதிர்ப்பக்கமாகத் திரும்பினால் எல்லாம் குழம்பிவிடும். கச்சான் பலமாக உள்ள நாளில் கடற்காற்றை மதியம் வரை தள்ளி வைக்கும். ஆகவே மருமகன் இங்கே வந்தால் விடியுமுன் எழும்ப வேண்டும். எட்டு மணிக்குக் கோப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் தண்ணீரில் ஐம்பது பேர் இருப்பார்கள்.

நீ பயந்த விஷயம் பாறை. அதில் நியாயம் இருக்கிறது. எந்த அலையும் தன் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு ஆழம் வந்தால் உடையும். மணல் சாய்வாக ஏறுகிற இடத்தில் மெதுவாக உடைகிற அதே அலை, பாரில் சட்டென்று ஆழம் குறைவதால் குப்பென்று கவிழும். எங்கள் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை, ஆனாலும் பாரின் மேல் அரை மீற்றர் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அலை வேறாகிவிடும். சின்ன அலை நாளில் நல்ல வற்றில் வெளியே கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். தண்ணீர் காலுறை ஒரு சோடி கொண்டுவரட்டும். காலையோ முழங்கையையோ முருகைக்கல் கிழித்தால் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி உள்ளே துகள் இல்லாமல் எடுக்க வேண்டும், சின்னக் கீறல்தானே என்று விடுகிறவர்கள்தான் பிறகு ஆசுபத்திரிக்கு ஓடுகிறார்கள். முதல் இரண்டு நாள், அலை சின்னதாக வருகிற பேபி பொயின்டில் உட்கார்ந்து அலையைப் பார்க்கட்டும். உள்ளூர்த் தம்பிமாருக்கு முதலில் ஒரு தலையாட்டல், அப்புறம்தான் துடுப்பு.

கடல் அமைதியாக இருக்கிறது என்பதை அவனும் நம்ப வேண்டாம், நீயும் நம்ப வேண்டாம். 2024 மே 6ஆம் திகதி கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மூழ்கிப் போனார்களே, அன்று அங்கே புயலும் இல்லை, பெரிய காற்றும் இல்லை. இதே தென்கடலில் பிறந்த நீள அலைதான். கேரளத்து மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். அந்த நாட்களில் இந்தியக் கடல் தகவல் மையம் எச்சரிக்கை விட்டிருந்தது. எச்சரிக்கை வந்தால் படிக்கிற பழக்கம் மட்டும் நமக்கு இன்னும் வரவில்லை.

ஆக, ஜூலையா செப்டெம்பரா? அவன் மட்டும் வருவதென்றால் நான் செப்டெம்பர் கடைசியைச் சொல்வேன். ஜூலையில் தென்கடல் முழு வேகத்தில் இருக்கும், அலை அடிக்கடி வரும், உண்மை. ஆனால் ஊர் நிரம்பி வழியும், அறை விலை ஏறும், ஒரு அலைக்கு ஆறு பேர் துடுப்புப் போடுவார்கள். கச்சானும் சில நாட்களில் அளவுக்கு மீறும். செப்டெம்பர் கடைசியில் கூட்டம் கலையும், காற்று மென்மையாகும், அலை வரத்துக் கொஞ்சம் குறைந்தாலும் வருகிறது வீணாகாது. 2019இல், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊர் வெறிச்சோடிக் கிடந்த வருடம், உலக சேர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டியை மெயின் பொயின்டில் செப்டெம்பரில்தான் நடத்தினார்கள். ஒக்டோபர் நடுவைத் தாண்டினால் மட்டும் வேண்டாம். காற்று மாறி மழை தொடங்கிவிடும், அப்புறம் அவன் தெற்கே ஹிக்கடுவைக்குத்தான் போக வேண்டும், அங்கே பருவம் அப்போதுதான் ஆரம்பம்.

ஆனால் நீயும் கூட வருவதாக இருந்தால் கணக்கு மாறும். ஜூலைப் பக்கம் வா. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் உகந்தை முருகன் கோயிலில் கூடிக் காட்டுப்பாதைக்குப் புறப்படுகிற காலம். திறக்கிற திகதி வருடாவருடம் மாறும், தெரிந்ததும் எழுதுகிறேன். நீ நட, அவன் சறுக்கட்டும். எனக்கு முழங்கால் இடம் கொடுத்தால் குமண வரைக்கும் நானும் வருவேன்.

வேறு செய்தி? நம் வகுப்பில் பின்வாங்கில் இருந்தானே, எப்போதும் ரப்பர் பந்தோடு திரிகிறவன், அவனுடைய மூத்தவன் போர்ட் திருத்துகிற கடை போட்டிருக்கிறான். உடைந்த போர்ட்டை ஒட்டிக் கொடுத்தால் எங்கே உடைந்தது என்று தேடத்தான் வேண்டும். என் சின்னவளும் இந்த வருடம் அலையில் இறங்கத் தொடங்கியிருக்கிறாள். 2018இல் இங்கே பெண்கள் சேர்ஃப் கழகம் தொடங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமிமார் இப்போது கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். என் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, உன் அம்மா மூலமாகப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்.

டிக்கெட் போட்டதும் திகதியை எழுது. கொழும்பிலிருந்து மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாக ஏழெட்டு மணி நேரம் ஆகும், போர்ட் ஏற்றக் கூரைக் கம்பி உள்ள வேன் வேண்டும், அதை நான் பேசி வைக்கிறேன். லாகுகலையில் மாலையானால் ரோட்டில் யானை நிற்கும், ஆகவே இரவு விமானத்தில் வந்து காலையில் புறப்படுகிற மாதிரிப் போடச் சொல். முடிந்தால் குளிர்த்தண்ணீர் மெழுகைக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல், இங்கே அது உருகி ஓடிவிடும்.

அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் எங்கள் அன்பு.

உன் கூட்டாளி