அதிகாலை மூன்று மணி வரை மதுச்சாலை: இங்கிலாந்தில் எங்கள் உள்ளூராட்சிக் கவுன்சிலின் அனுமதிப்பத்திர உபகுழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உபகுழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் தெருமுனையில் இருக்கும் மதுச்சாலையை அதிகாலை மூன்று மணி வரை திறந்து வைக்க நீங்கள் அனுமதி கொடுத்து ஐந்து மாதமாகிறது. இந்த ஐந்து மாதத்தில் உங்களுக்கு ஆங்கிலத்தில் நான்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நான்குக்கும் வந்தது ஒரே பதில்: முறைப்பாடு பதிவு செய்யப்பட்டுள்ளது. அதனால்தான் இந்த முறை என் சொந்த மொழியில், எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. என்ன நடந்தது, யாரிடம் என்ன கேட்கலாம் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும். உங்களிடம் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், ஆகவே உங்களுக்கும் இது போய்ச் சேரும்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த அனுமதிப்பத்திரத்தை மறுஆய்வுக்கு எடுங்கள். மூடும் நேரத்தை முன்பு இருந்தது போல நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குக் கொண்டு வாருங்கள்.

பின்னணியை நான் விளக்கத் தேவையில்லை, கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. அது முன்பு ஒரு உணவகம். பன்னிரண்டு மணிக்கு விளக்கு அணையும். எட்டு வருடத்தில் அதைப் பற்றி நான் ஒரு முறைப்பாடும் செய்ததில்லை. இன்று வியாழன், வெள்ளி, சனி மூன்று இரவும் டீஜே, ஒலிபெருக்கி, வாசலில் வரிசை.

நான் பஸ் சாரதி. காலை முதல் பஸ் பெரும்பாலும் என்னுடையது. 4.35க்கு டிப்போவில் கையெழுத்து வைக்க வேண்டும் என்றால் 3.30க்கு எழும்ப வேண்டும். அதற்காக இரவு எட்டு மணிக்கே படுக்கைக்குப் போகிறேன். இந்த நாட்டுச் சட்டப்படி பஸ் சாரதிக்கு இரண்டு வேலை நாட்களுக்கு இடையில் 10 மணி நேரத் தொடர் ஓய்வு இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று தடவை வரை அதை எட்டரை மணி நேரமாகக் குறைக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சட்டம் எனக்காக மட்டும் போடப்பட்டதல்ல, எனக்குப் பின்னால் இருக்கும் பயணிகளுக்காகவும் போடப்பட்டது. என் கம்பனி அந்த மணித்தியாலங்களைச் சரியாகத் தருகிறது. அந்த ஓய்வு என் வீட்டுக்குள் வரும்போது உங்கள் தீர்மானம் அதைக் குலைத்துவிடுகிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இதை இதுவரை மின்னஞ்சலில் எழுதவில்லை, எழுத வெட்கமாக இருந்தது. ஐந்து மணி தாண்டியிருக்கும். சிவப்பு விளக்கில் பஸ்ஸை நிறுத்தினேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, என் கூண்டின் கண்ணாடியில் யாரோ விரலால் தட்டியது. ஒரு பெண், வைத்தியசாலைச் சீருடை. விளக்கு பச்சையாகிவிட்டது என்றார். எத்தனை விநாடி கண்ணை மூடியிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. கால் பிரேக்கில் இருந்தது. பஸ்ஸில் பதினொரு பேர் இருந்தார்கள். அடுத்த தரிப்பிடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்து, நான் ஓட்டும் நிலையில் இல்லை என்று சொன்னேன். வேறு சாரதி வர இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. வேலைக்குப் பிந்திய சிலர் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். கண்ணாடியில் தட்டிய அந்தப் பெண்ணும் நடந்தார். போகும்போது என்னைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைய சம்பளம் வெட்டப்பட்டது. என் பெயரில் ஓர் அறிக்கையும் எழுதப்பட்டது. இரண்டும் நியாயமே. ஆனால் அந்த அறிக்கையில் காரணம் எழுதும் கட்டத்தில் "நித்திரைக் குறைவு" என்று இரண்டு சொல்லை எழுதிவிட்டு நான் நிறுத்திக்கொண்டேன். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் உங்கள் தீர்மானம் இருக்கிறது.

அதற்கு முந்திய இரவு எப்படி இருந்தது? ஒன்பதரைக்குத் தொடங்கியது. பாட்டு எங்களுக்குக் கேட்பதில்லை, சொற்கள் கேட்பதில்லை, அடி மட்டும் வருகிறது. சுவரில் கை வைத்தால் உள்ளங்கையில் தெரியும். அலுமாரிக் கதவு அதற்கேற்ப டக் டக் என்று ஆடுவதால் பழைய டியூட்டி அட்டை ஒன்றை மடித்து இடுக்கில் செருகி வைத்திருக்கிறேன். மூன்று மணிக்குப் பாட்டு நிற்கும், அப்புறம் தெருவில் கூச்சல், கார்க் கதவுகள். மூன்று இருபதுக்கு வெற்றுப் போத்தல்களைக் கொட்டுவார்கள். எங்கள் படுக்கையறை யன்னலுக்கு நேர் கீழேதான் அந்தப் பெரிய குப்பைத் தொட்டி. ஒரு பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தால் போத்தல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து உடைந்து அடங்கும், பிறகு அடுத்த பெட்டி. ஆறு, ஏழு பெட்டி. பத்து நிமிடத்தில் என் அலாரம் அடிக்கும். இரவு பதினொரு மணி முதல் காலை எட்டு மணி வரை போத்தல் கொட்டக்கூடாது என்று நீங்கள் கொடுத்த அனுமதிப்பத்திரத்திலேயே நிபந்தனை இருக்கிறது. நான் அதை வாசித்தேன். அதை அமல்படுத்துகிறவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஏன் இல்லை என்பதையும் கண்டுபிடித்தேன். உங்கள் சத்தத் தொந்தரவுப் பிரிவின் இரவுச் சேவை அதிகாலை இரண்டு மணியோடு முடிகிறது. மதுச்சாலைக்கு நீங்கள் கொடுத்ததோ மூன்று மணி. நாங்கள் அழைக்க வேண்டிய நேரத்தில் தொலைபேசியில் ஒரு பதிவுக் குரல்தான் பேசுகிறது. ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு பிரிவுகள் இதை ஒருமுறைகூடக் கதைத்துக்கொள்ளவில்லையா? கண்காணிக்க ஆள் இல்லாத ஒரு மணி நேரத்துக்கு எப்படி அனுமதி கொடுத்தீர்கள்? இந்தக் கேள்விக்கு மட்டுமாவது எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அந்த அனுமதியைக் கொடுக்கும் முன் நீங்கள் நடத்திய விசாரணை பற்றியும் சொல்ல வேண்டும். 2003 ஆம் ஆண்டு அனுமதிப்பத்திரச் சட்டப்படி, விண்ணப்பித்தவர் வெளிர் நீலத் தாளில் ஓர் அறிவித்தல் ஒட்ட வேண்டும். ஆட்சேபணைக்கு 28 நாள். ஒட்டினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு ஏ4 தாள், கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியில், உள்பக்கம். அந்தத் தெருவில் வசிக்கும் எங்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நீங்களும் போடவில்லை. பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். அந்தத் தாளைப் பார்த்தாராம், வீட்டு வாடகை அறிவித்தல் என்று நினைத்தாராம். நான் பார்த்தது இருபத்தியிரண்டாம் நாள். ஆறு நாளில் ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன்.

விசாரணையை வேலை நாள் காலை பத்து மணிக்கு வைத்தீர்கள். டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்தேன். எனக்கு ஐந்து நிமிடம், அவர்களுக்கும் ஐந்து நிமிடம். நேரம் சமம்தான். ஆனால் அவர்கள் பக்கம் ஒரு சட்டத்தரணியும் ஒலி அளவை அறிக்கையும் இருந்தன. எங்கள் பக்கம் நானும் என் கையில் ஒரு தாளும். வாடிக்கையாளர்கள் சற்றுத் தள்ளிப் போன பிறகு அவர்களுடைய நடத்தைக்கு அவர்களே பொறுப்பு என்று அரசின் வழிகாட்டியில் இருப்பதாக அந்தச் சட்டத்தரணி சொன்னார். வழிகாட்டியில் அப்படி இருப்பது உண்மை. ஆனால் அதே சட்டம் உங்களுக்கு வைத்த நான்கு நோக்கங்களில் ஒன்று பொதுத் தொந்தரவைத் தடுப்பது. முந்நூறு பேரை மூன்று மணிக்கு ஒரே நேரத்தில் ஒரு குடியிருப்புத் தெருவில் இறக்கிவிடும் தீர்மானத்தை எடுத்தது அந்த முந்நூறு பேர் அல்ல.

ஒலி அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தம் அளக்க வழக்கமாகப் பாவிக்கும் அளவுமுறை, மனிதக் காதைப் போலவே தாழ்ந்த அதிர்வெண் ஒலியைக் குறைத்துக் கணக்கிடும். சுவரைத் தாண்டி வருவது அந்தத் தாழ்ந்த ஒலிதான். அறிக்கையில் சின்னதாகத் தெரிந்த எண் எங்கள் கட்டிலில் சின்னதாக இல்லை. உலக சுகாதார அமைப்பு 2009 இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட இரவுச் சத்த வழிகாட்டி, வீட்டுக்கு வெளியே ஆண்டுச் சராசரியாக இரவுக்கு 40 டெசிபெல் என்று வரம்பு சொல்கிறது. அந்த விசாரணையில் ஒருவரும் அதைக் குறிப்பிடவில்லை.

மூடும் நேரம் ஒரு மணி நேரம் கூடினால் என்ன ஆகும் என்பது ஊகமும் அல்ல. நோர்வேயில் 18 நகரங்களில் 2000 முதல் 2010 வரை மூடும் நேர மாற்றங்களை ஆராய்ந்திருக்கிறார்கள்: ஒரு மணி நேரம் கூடினால் வார இறுதி இரவு வன்முறைச் சம்பவங்கள் சுமார் 16 வீதம் கூடின, நேரத்தைக் குறைத்தபோது குறைந்தன. அவுஸ்திரேலியாவின் நியூகாசிலில் 2008 இல் மதுச்சாலைகள் மூடும் நேரத்தை முன்னால் கொண்டு வந்தார்கள். இரவு நேரத் தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில் குறைந்தன. உங்கள் தீர்மானத்தின் எழுத்துப் பிரதியை இரண்டு முறை வாசித்தேன், இப்படி எந்த ஆய்வையும் பார்த்ததாக அதில் ஒரு வரி இல்லை. "இரவுப் பொருளாதாரம்" என்ற சொல் மட்டும் நான்கு இடத்தில் வருகிறது.

அந்தச் சொல் எனக்குக் கோபம் தருகிறது. இரவுப் பொருளாதாரம் என்றால் குடிக்கப் போகிறவர்கள் மட்டுமா? என் முதல் பஸ்ஸில் வந்து பாருங்கள். துப்புரவு செய்கிறவர்கள், இரவுத் தாதிமார், பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறவர்கள், பாண் சுடும் இடத்துக்குப் போகிறவர்கள். அந்த மதுச்சாலையின் சமையலறையில் கோப்பை கழுவும் பொடியன் ஒருவனும் வருகிறான். ஏறியவுடன் கண்ணாடியில் தலை சாய்த்து நித்திரையாகிவிடுவான். கடைசித் தரிப்பிடத்தில் நான்தான் எழுப்பிவிட வேண்டும். நேரத்தைக் கூட்டும்போது எங்களை யார் கேட்டார்கள் என்று அவனும் ஒருநாள் சொன்னான். அவன் மீதோ, அங்கே போகும் இளைஞர்கள் மீதோ எனக்குக் கோபம் இல்லை. ஆட்டமும் பாட்டும் அவர்களுக்கு வேண்டும். ஆனால் இந்த நகரத்தை விடியும் முன் தட்டி எழுப்பி ஓட வைக்கிறவர்களும் எங்கோ படுத்து எழும்ப வேண்டும்.

இன்னும் ஒன்று. பழைய மதுச்சாலைக்குப் பக்கத்தில் புதிய வீடு கட்டினால், சத்தத்தைத் தடுக்கும் பொறுப்பு புதிதாக வருகிறவருடையது என்று 2018 முதல் இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கை சொல்கிறது. அது நியாயமான கொள்கை. எங்கள் விடயத்தில் நாங்கள்தான் பழையவர்கள், மூன்று மணிதான் புதியது. இதை நான் கேட்டபோது, அது திட்டமிடல் பிரிவு, இது அனுமதிப்பத்திரப் பிரிவு என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் பிரிவுகள் இல்லை. ஒரு படுக்கையறைதான் இருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு வேறு எங்கோ போய்விட்டேன். திரும்பவும் பணிவாகக் கேட்கிறேன்: அந்த அனுமதிப்பத்திரத்தை மறுஆய்வுக்கு எடுங்கள், நேரத்தைப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டு வாருங்கள். மறுஆய்வுக்குக் குடியிருப்பாளர்களாகிய நாங்களே விண்ணப்பிக்கலாம் என்று உங்கள் அதிகாரி ஒருவர் எங்களுக்குச் சொன்னார். உண்மைதான், குடியிருப்பாளர் யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் 2012 முதல் கவுன்சிலுக்கும் அந்த அதிகாரம் இருக்கிறது. சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கும் இருக்கிறது. கருவி உங்களிடம், அதிகாரிகள் உங்களிடம், சட்டம் தெரிந்தவர்கள் உங்களிடம். பாதி இரவில் எழும்பி நேரம் எழுதி ஆதாரம் சேர்க்கும் வேலையை எழுபது வயது அம்மாவிடமும் என்னிடமும் விடாதீர்கள். இருந்தாலும் சேர்த்திருக்கிறேன். பதினான்கு வார இறுதிகள், தேதி, நேரம், போத்தல் பெட்டிகளின் எண்ணிக்கை எல்லாம் ஒரு கொப்பியில் இருக்கிறது.

மறுஆய்வு முடியும் வரை இரண்டு காரியம் உடனே செய்யலாம். சத்தப் பிரிவின் சேவையை அந்த மூன்று இரவிலாவது நான்கு மணி வரை நீட்டுங்கள். போத்தல் நிபந்தனையை மீறினால் என்ன நடக்கும் என்று அந்த இடத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

விசாரணைக்குத் திகதி வைத்தால் தயவு செய்து மாலையில் வையுங்கள். முடியாது என்றால் மூன்று வாரம் முன்னதாகச் சொல்லுங்கள், டியூட்டி மாற்ற எனக்கு அவ்வளவு நேரம் வேண்டும். கொப்பியைக் கொண்டு வருகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவும் இந்த முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெரு ஒன்றில் வசிக்கும் பஸ் சாரதி