பேஜ் லோடும் மாவடுவும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நாற்பது நாள் கழித்து நேற்று உன் வாட்ஸப் வந்தது. "டிராப்டவுன் லிஸ்ட்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் பெயரே சேவ் ஆகிறது, ஏம்ப்பா?" அம்மாவிடம் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றாள். எனக்கு இதுவே பெருமை. மைக்ரோசாஃப்ட்டே புது டாட்நெட்டில் சேர்க்காமல் விட்ட வெப் ஃபார்ம்ஸை, வெப்சைட் பக்கம் கட்டும் அந்தப் பழைய முறையைப் பற்றி என்னிடம் சந்தேகம் கேட்க ஓர் ஆள் இருக்கிறதே! ஆனால் ராத்திரி 2.10-க்கு அனுப்பியிருக்கிறாய். ஏன் தூங்கவில்லை?

பக்கம் சர்வரில் உருவாகும் ஒவ்வொரு தடவையும் ஓடுமே, உன் பேஜ் லோட், அதைப் பார். லிஸ்ட்டை நிரப்பும் வரி, பக்கம் முதல் தடவை வருகிறதா, பட்டன் தட்டித் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் இஸ்போஸ்ட்பேக் சோதனைக்கு வெளியே இருக்கும். சேவ் பட்டனை அழுத்தியதும் பக்கம் சர்வருக்குப் போகிறது இல்லையா, அங்கே பட்டனுக்கு நீ எழுதிய புரோகிராம் ஓடுவதற்கு முன்பே பேஜ் லோட் மறுபடி ஓடிவிடும். அதில் லிஸ்ட்டைத் திரும்ப நிரப்பினால் எதிராளி தேர்ந்தெடுத்தது அழிந்து முதல் பெயரில் வந்து நிற்கும். முதல் தடவை வரும்போது மட்டும் நிரப்பு.

அப்புறம் லிஸ்ட் எங்கே போகும் என்று பயப்படாதே, வியூஸ்டேட்டில் இருக்கும். பக்கத்தை அனுப்பிய கையோடு சர்வர் அதை மறந்துவிடும். அதனால் நிலவரத்தை மூட்டை கட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபீல்டில் வைத்துப் பிரவுசரிடமே கொடுத்துவிடுகிறது. அதுதான் வியூஸ்டேட். ஒவ்வொரு கிளிக்குக்கும் மூட்டை போய்த் திரும்பும். 2003-ல் ஒரே அட்டவணையில் ஐந்நூறு வரிசை போட்டுத் தொலைத்தேன், மூட்டை கனத்துவிட்டது. டயல்-அப் வைத்திருந்த கிளையில் ஒரு கிளிக்குக்கு டீ குடித்துவிட்டு வந்தார்கள். உன் ஆண்டுவிழாவுக்கு நான் வராத வருஷம் அது. நீ மறந்திருக்க மாட்டாய்.

அதில் ரகசியம் எதையும் வைக்காதே. கிறுக்கல் மாதிரி தெரிந்தாலும் சாதாரணமாக அது வெறும் பேஸ்64 என்கிற எழுத்து மாற்றம், யாரும் பிரித்துப் படிக்கலாம். அதோடு வரும் மேக் என்கிற சரிபார்ப்பு முத்திரை யாரும் திருத்தாமல் காக்கும், மறைக்காது. சேவ் ஆனதும் ரீடைரக்ட் செய், பிரவுசரைப் புதிதாக ஒரு பக்கத்துக்கு அனுப்பிவிடு, இல்லாவிட்டால் எவராவது ரிஃப்ரெஷ் செய்ய எஃப்5 தட்டி இரண்டு ரசீது விழும். நேரத்துக்குச் சாப்பிடு. நீளமான ஃபாரம் என்றால், சர்வர் ஆளை ஞாபகம் வைத்திருக்கும் செஷனையும் கவனி, நாம் மாற்றாவிட்டால் 20 நிமிஷம் சும்மா இருந்தாலே போய்விடும். லிஸ்ட்டை முதல் தடவை மட்டும் நிரப்பு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

இதை எழுதும்போதே கை நின்றுவிட்டது பாப்பா. தைக் கடைசியில் போனில் நீ சொன்னதை நான் கேட்கவே இல்லை. நீ சொல்லி முடிக்க முடிக்க, ஒன்றுமே சொல்லாதவளிடம் பேசுவது போல, மாப்பிள்ளை நல்லவர், சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள், கொஞ்சம் அனுசரித்துப் போ என்று என் லிஸ்ட்டையே திரும்ப ஆரம்பித்தேன். மூன்று தடவை சொன்னாய். மூன்று தடவையும் அதையே செய்தேன். அப்புறம் "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். தப்பு என்னுடையதுதான்.

அம்மா மாவடு போட்டிருக்கிறாள். கூரியருக்கு முகவரி வேண்டும். பழைய முகவரியா, வேறா? எதுவானாலும் பின்கோடோடு அனுப்பு. சின்ன ஜாடிதான், ஒருத்திக்குப் போதும்.

அப்பா