சூரியப் புயலும் மின்தொகுப்பின் இரைச்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரியப் புயல் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை மின்தடை அபாயத்தோடு நின்றுவிட்டது. விளக்குகள் அணையாத நேரத்திலும் மின்தொகுப்பின் மின்காந்த உமிழ்வு மாறுவதைக் கட்டுரை தொடவில்லை.

உயரழுத்தத் தடங்களின் மூன்று கம்பிகளிலும் ஓடும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்னோட்டங்கள் கட்டத்தில் விலகியிருப்பதால் (அதாவது, ஒரே நேரத்தில் உச்சம் தொடாததால்), தொலைவில் அவற்றின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும் புவிகாந்தப் புயலில் இந்த ஒழுங்கு குலைகிறது. பூமியின் காந்தப்புலம் ஏறி இறங்கும்போது தூண்டப்படும், நேர்மின்னோட்டத்தைப் போல மெதுவாக மாறும் மின்னோட்டம், மின்மாற்றியின் தரையிணைப்பு வழியே புகுந்து, அதன் இரும்பு உள்ளகத்தை ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதியில் மட்டும் காந்தத் தெவிட்டலுக்கு, அதாவது மேலும் காந்தமாக முடியாத நிலைக்கு, தள்ளுகிறது. மின்மாற்றி இழுக்கும் காந்தமாக்கும் மின்னோட்டம் அப்போது கூரிய துடிப்புகளாக மாறுவதால், அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளான ஹார்மோனிக் அலைகள் தடங்களில் பரவுகின்றன. அவற்றுள் மூன்றாம் மடங்கு பொதுவாக மூன்று கம்பிகளிலும் ஒரே கட்டத்தில் அமைவதால் ஈடாகாமல் தரை வழியே திரும்புகிறது. கம்பியும் தரையும் சேர்ந்த அந்தப் பெருவளையம், விரும்பியோ விரும்பாமலோ, ஓர் ஆண்டெனாதான்.

ஹார்மோனிக் அலைகளாலான இந்த மின் இரைச்சலைச் சிறு தொல்லை என்று ஒதுக்க முடியாது. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் மின்னழுத்தத்தைத் தாங்கி நின்ற ஈடுசெய் கருவிகள் ஹார்மோனிக் மிகுதியால் தாமாகவே துண்டித்துக்கொள்ள, சுமார் 90 விநாடிகளில் மின்தொகுப்பு முழுவதும் சரிந்து, ஏறத்தாழ 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருளில் இருந்தனர். 2003 அக்டோபர் 30 அன்று ஸ்வீடனின் மால்மோ நகர் இருண்டதற்கும், 150 ஹெர்ட்ஸ் அலைக்கு (50 ஹெர்ட்ஸின் மூன்றாம் மடங்கு) மிகையாக எதிர்வினையாற்றிய ஒரு பாதுகாப்பு ரிலேதான் (கோளாறு கண்டால் தடத்தைத் துண்டிக்கும் கருவி) காரணம்.

உமிழ்வில் ஒரு பகுதி, மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தைக் கடந்து விண்வெளிக்கும் போகிறது. 2004இல் ஏவப்பட்ட, பிரான்ஸின் டெமெட்டர் செயற்கைக்கோள், மின்தொகுப்பு அதிர்வெண்ணின் மடங்கு இடைவெளிகளில் அமைந்த அலைவரிகளைப் பதிவு செய்தது. இரவில் கீழ் அயனி அடுக்குகள் மெலிவதால் அலைகள் எளிதாக மேலேறுகின்றன. சூரியத் தீப்பிழம்பின் எக்ஸ் கதிர்கள் பகலில் அதே அடுக்குகளைத் தடிப்பாக்கி உறிஞ்சலைக் கூட்டுகின்றன. ஆக, உமிழ்வை உண்டாக்குவதிலும் அது மேலேறும் வழியை மாற்றுவதிலும் சூரியனுக்குப் பங்கு உண்டு.

செய்திகளில் தவறாமல் இடம்பெறும் கேபி (Kp) குறியீடு, புவிகாந்தக் குலைவின் அளவைக் காட்டும், உலகம் முழுமைக்குமான மூன்று மணி நேர அளவீடு. ஒரு குறிப்பிட்ட துணைமின்நிலையத்தின் நிலையை அது சொல்லாது. வீட்டு மின்னணுக் கருவிகள் நாள்தோறும் பெரும்பாலும் ஒற்றைப்படை மடங்கு (3, 5, 7...) ஹார்மோனிக்குகளையே உண்டாக்குவதால், இரட்டைப்படை மடங்குகள் (2, 4, 6...) திடீரென உயர்வது மின்மாற்றித் தெவிட்டலின் தெளிவான அடையாளம். அடுத்த புயலின்போது தங்கள் செய்தியாளர்கள் மின்துறைப் பொறியாளர்களிடம் அந்த இரட்டைப்படை மடங்கு அளவைக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்